சேற்றில் நடப்பது யார்?

கோடியக்கரைக்கு வரும் கரைப்பறவைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. வேதாரண்யத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள். முப்பது பருவமாக அகஸ்தியன்பள்ளி உப்பளங்களின் வரப்பில் நின்று பார்த்ததும், பார்த்த பிறகு தேடிப் படித்ததும்தான் என் கையில் இருப்பது.

"டீச்சர், கோடியக்கரைக்கு இரண்டு முறை வந்தேன். எல்லாம் பழுப்பு, எல்லாம் சின்னது, எல்லாம் தூரத்தில். புத்தகத்தைத் திறந்தால் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே தொடங்குவது?"
கல்லூரி மாணவி, திருவாரூர்

புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிடு, மகளே. முதல் நாள் பெயரே வேண்டாம். ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து அது எப்படிச் சாப்பிடுகிறது என்று மட்டும் பத்து நிமிஷம் பார். நம் சேற்றில் இருக்கும் கூட்டம் அதிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஒரு வகை ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரே ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அது உப்புக்கொத்தி. தலை உருண்டை, கண் பெரியது, அலகு குட்டை. இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவை என்பதால்தான் நின்று நின்று பார்க்கிறது. இன்னொரு வகை நிற்கவே நிற்காது. தலையைக் குனிந்தபடி சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். அது உள்ளான். அதற்கு அலகின் நுனிதான் கண். நுனியில் தொடு உணர்வு அவ்வளவு கூர்மை. பல இனங்கள் அலகின் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே திறந்து புழுவைக் கவ்விவிடும்.

இது பிடிபட்டதும் அலகின் நீளத்தைப் பார். கொசு உள்ளானின் அலகு சின்னது. மேல்சேற்றில் முறத்தில் கல் பொறுக்குகிற கை மாதிரி படபடவென்று பொறுக்கும். பவளக்கால் உள்ளானுக்கு அதைவிட நீளம். கருவால் மூக்கன் தொடை வரை தண்ணீரில் நின்று அலகு முழுவதையும், சில சமயம் முகத்தையுமே, உள்ளே விடும். குதிரைமலைக் கோட்டானின் வளைந்த அலகு நண்டு வளைக்குள் போகும். ஒரே சேற்றில் ஆயிரம் பறவை நிற்கிறதே, சண்டை வராதா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில் சாப்பிடுகிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் இலை வேறு.

முதல் பருவத்தில் ஆறு பறவை போதும். நெடுங்கால் உள்ளான், பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, கருவால் மூக்கன். இந்த ஆறையும் கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்குப் பார். ஏழாவது பறவை வந்தால், "இது அந்த ஆறில் எதுவும் இல்லை" என்று உனக்கே தெரியும். அப்போது புத்தகத்தை எடு.

ஒரு எச்சரிக்கை. காலின் நிறத்தை மட்டும் நம்பாதே. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவில் டெமிங்க் உள்ளான் என்று ஒன்று உண்டு, அதற்குக் கால் வெளிறிய மஞ்சள். ஒரு பருவம் முழுக்க நான் டெமிங்க் என்று எழுதிவைத்தவை எல்லாம் காலில் சேறு காய்ந்த கொசு உள்ளான்கள். உப்பளத்தில் உப்புப் பூத்த கால் வெள்ளையாகவே தெரியும். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். தப்பான இடங்களில் சிவப்பு மையில் திருத்தம் போட்டிருக்கிறேன், அழிக்கவில்லை. நீயும் அழிக்காதே.

"எங்கள் ஊர் ஏரிக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு தனியாக ஒரு உள்ளான் திரிகிறது. சாதா உள்ளானா, பச்சை உள்ளானா, பொறி உள்ளானா? மூன்றும் வந்து போவதாக நண்பர் சொல்கிறார்."
வங்கி ஊழியர், விழுப்புரம்

நண்பர் சொல்வது சரி. மூன்றும் நன்னீருக்கு வருபவை. உங்களைப் போல ஏரி, குளம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடற்கரைக்காரர்களைவிட நன்றாகவே அமையும்.

உட்கார்ந்திருக்கும்போது தோள்பட்டையைப் பாருங்கள். சாதா உள்ளானுக்கு மடித்த சிறகுக்கு முன்னால், மார்பின் ஓரத்தில் வயிற்றின் வெள்ளை ஒரு விரல்போல மேலே ஏறியிருக்கும். அது இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். வாலை ஓயாமல் ஆட்டுவதும் மூன்றில் அதுதான் அதிகம். ஆனால் மற்ற இரண்டும் கொஞ்சம் ஆட்டும் என்பதால் வாலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பொறி உள்ளானின் முதுகில் அரிசி நொய் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் ஓடும். கால் மஞ்சள் கலந்தது. அறுவடை முடிந்து தண்ணீர் நிற்கிற வயலில் பத்து, இருபதாகச் சேர்ந்து மேயும். பச்சை உள்ளானின் முதுகு கரும்பழுப்பு, புள்ளி மிகச் சிறியது, புருவம் கண்ணோடு நின்றுவிடும். வாய்க்கால், குட்டை, மதகடி மாதிரி ஒதுக்குப்புறமான இடத்தில் தனியாகத்தான் இருக்கும்.

பறக்கும்போது இன்னும் எளிது. சாதா உள்ளான் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் போகும். சிறகைக் கீழே வளைத்து விறைப்பாக, விட்டு விட்டுத் துடிக்கும். சிறகில் வெள்ளைக் கோடு தெரியும். பச்சை உள்ளான் சத்தமாகக் கத்திக்கொண்டு உயரே ஏறிவிடும். சிறகு அடியும் மேலும் கறுப்பு, வாலடி பளிச்சென்று வெள்ளை, தூரத்தில் கறுப்பு வெள்ளைப் பறவையாகவே தெரியும். பொறி உள்ளானுக்கும் வாலடி வெள்ளைதான், ஆனால் சிறகின் அடிப்பக்கம் வெளிறியது.

நீங்கள் சொன்னது தனிப்பறவை, ஏரிக்கரைக் கல்லில், வால் ஆட்டம். சாதா உள்ளான் என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்த வெள்ளை விரலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பறவையை விரட்டிப் பறக்கவைத்துப் பார்க்க வேண்டாம். அதுவாகப் பறக்கும் வரை இருங்கள்.

"என் மகனுக்குப் பத்து வயது. பறவை என்றால் உயிர். மே மாத விடுமுறையில் கோடியக்கரைக்கு அழைத்து வரலாமா? என்ன வாங்க வேண்டும்?"
இல்லத்தரசி, சென்னை

மே மாதம் வெளிமான் பார்க்க வாருங்கள். கரைப்பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் வடக்கே போய்விடும். முதல் வயது முடியாத சில மட்டும் இங்கேயே கோடையைக் கழிக்கும். பெரிய கூட்டம் பார்க்க ஜனவரி, பிப்ரவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை நின்று, சதுப்பில் தண்ணீர் வற்றி, சேறு வெளியே தெரிகிற நேரம் அது. மழைக்காலத்தில் தண்ணீர் ஆழமாகிவிட்டால் குட்டைக்கால் பறவைகள் வேறு இடம் தேடிப் போய்விடும்.

அதற்கு முன்னால் பள்ளிக்கரணைக்கு ஒரு விடியற்காலை போய் வாருங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். வேடந்தாங்கலும் அழகு, ஆனால் அது மரத்தில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் ஊர். உள்ளான் தேடி அங்கே போகவேண்டியதில்லை.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். பன்னிரண்டு, பதினாறு என்று கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள், சின்னக் கையில் படம் ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நோட்டு, பென்சில். பையனை வரையச் சொல்லுங்கள். கோணலாக வரைந்தாலும், வரைகிற குழந்தை அலகையும் காலையும் கவனிக்காமல் விடாது.

"சைபீரியாவிலிருந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்ப்பறவை வழி தவறுவதே இல்லையா? எப்படி?"
ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி

ஐயா, நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். வடதுருவப் பக்கம் கூடு கட்டும் பல உள்ளான்களில் தாயும் தகப்பனும் முன்னாலேயே கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் பின்னால், தங்களாகவே வருகின்றன.

நம் உப்பளத்திலேயே அதைப் பார்க்கலாம். ஆகஸ்டில் முதலில் வருபவை பெரியவை. வளைந்த அலகுடைய கர்லூ உள்ளானைப் பாருங்கள், இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் வயிற்றில் திட்டுத்திட்டாக மிச்சம் இருக்கும், இறகெல்லாம் தேய்ந்திருக்கும். சில வாரம் கழித்து வேறொரு கூட்டம் இறங்கும். முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய விளிம்பு, மீன் செதில் அடுக்கியது போல, எல்லாம் புத்தம் புதிது. அவைதான் அந்த ஆண்டு முட்டையிலிருந்து வந்தவை. கர்லூ உள்ளான் கூடு கட்டும் சைபீரியாவின் தைமிர் பகுதியிலிருந்து கோடியக்கரை, வரைபடத்தில் நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். இந்த ஊரை அந்தக் குஞ்சு பார்த்ததில்லை. காட்டிக்கொடுக்க யாரும் கூட வரவில்லை. வழி அதன் உடம்பிலேயே இருக்கிறது. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு பறவைகள் திசை அறிகின்றன என்பது சோதனைகளில் தெரிந்தது.

2022 அக்டோபரில், பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. முதுகில் கட்டிய கருவி காட்டிய கணக்கு. அதன் வயது ஐந்து மாதம் வாக்கில். அந்தச் செய்தியைப் படித்த அன்று சாயங்காலம் உப்பளத்துக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

"அக்கா, பாத்தி வரப்பில் செத்துக் கிடந்த சின்ன உள்ளான் ஒன்றின் காலில் வளையம் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது? ஏதாவது கேஸ் வருமா?"
உப்பளத் தொழிலாளி, கடிநெல்வயல்

தம்பி, பயப்படவே வேண்டாம். நீ செய்தது பெரிய உதவி. அந்த அலுமினிய வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், கூடவே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணையும், நீ பார்த்த தேதியையும் இடத்தையும் எழுதி, கோடியக்கரையிலுள்ள அவர்களுடைய ஆய்வு நிலையத்திலோ வனத்துறை அலுவலகத்திலோ கொடு. வேறு நாட்டு முகவரி இருந்தாலும் அங்கேயே கொடுக்கலாம். போட்டோ எடுத்துக்கொண்டு கொடு.

பறவையியலாளர் சாலிம் அலி இங்கே வந்து வளையமிடத் தொடங்கிவைத்த வேலை அது. வளையம் போட்ட பறவைகளில் மிகச் சிலதான் மறுபடி யார் கையிலாவது கிடைக்கும். அந்த ஒன்றிரண்டால்தான் எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்று தெரிந்தது. உயிரோடு இருக்கும் பறவையின் காலில் வண்ணப் பிளாஸ்டிக் கொடி தெரிந்தால் பிடிக்கவேண்டாம். எந்த நிறம், மேலே எது, கீழே எது, எந்தக் கால், அதில் எழுத்து உண்டா என்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறச் சேர்க்கை வைத்திருக்கிறார்கள்.

உன்னிடம் இன்னொன்றும் கேட்கவேண்டும். உப்பு வாருகிறவர்கள் எல்லோரையும்விட முன்னால், இருட்டு விலகும்போதே அங்கே இருக்கிறீர்கள். எந்தப் பாத்தியில் பறவை அதிகம் இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. முதல் கூட்டம் இறங்கும் தேதியை ஒரு காலண்டரில் குறித்துவை, தம்பி. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

"பறவைகள் மொத்தமாக எழும்பிப் பறக்கும் படம் எடுக்க, ஒருவர் கையைத் தட்டி எழுப்புவது எங்கள் குழுவில் வழக்கம். அவை உடனே திரும்ப உட்கார்ந்துவிடுகின்றன. இதில் என்ன கெடுதல்?"
புகைப்பட ஆர்வலர், திருச்சி

கெடுதல் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஒரு மார்ச் மாதக் காலையில், ஒரே பாத்தியில், கேமரா வைத்திருந்த நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை அதே கூட்டத்தை எழுப்பினார்கள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். மார்ச் என்பது அவை ஊருக்குத் திரும்பத் தயாராகிற மாதம். உடம்பின் எடையில் பாதி அளவுக்குக்கூடக் கொழுப்பு சேர்த்துக்கொண்டு கிளம்புகிற இனங்கள் உண்டு. அந்தக் கொழுப்புதான் வழியில் எண்ணெய். கொசு உள்ளானின் எடை 25 கிராம் வாக்கில், ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனம். அதனிடமிருந்து ஒவ்வொரு முறையும் நாம் பிடுங்குவது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். உடனே திரும்ப உட்காருவது, பயம் போனதால் இல்லை. சாப்பிட வேறு இடம் இல்லை.

உட்கார்ந்து பாருங்கள். நிற்கிற ஆளைவிட உட்கார்ந்த ஆளைப் பறவை சீக்கிரம் மறந்துவிடும். மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இரண்டு அடி பின்னால் வாருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அவையாகவே உங்கள் பக்கம் மேய்ந்து வரும். வல்லூறு ஒன்று மேலே போனால் மொத்தக் கூட்டமும் தானாக எழும்பும். கிரே உப்புக்கொத்தியின் அக்குளில் கறுப்புத் திட்டு இருக்கிறதே, அது பறக்கும்போதுதான் தெரியும். அதை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு நேரத்தில்தான். படமும் அந்த ஒரு கணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் வீட்டில் கார்த்திகை, மார்கழியில் உள்ளான் கறி சமைப்பார்கள். தாத்தாவுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி. இப்போது குற்றம் என்கிறார்கள். எத்தனையோ காலமாகச் சாப்பிட்டதுதானே?"
விவசாயி, திருத்துறைப்பூண்டி

எங்கள் வீட்டிலும் சமைத்திருக்கிறார்கள். வாசலில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்பார்கள். மிளகு தூக்கலாக அம்மா வைத்த குழம்பின் மணம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் உங்கள் தாத்தாவை நான் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லமாட்டேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்தான். ஆனால் நான் விட்டதற்குக் காரணம் சட்டம் இல்லை. தாத்தா காலத்தில் அவை இறங்க ஏரி இருந்தது, தரிசு இருந்தது, வழி நெடுக மற்ற நாடுகளிலும் சேறு இருந்தது. இன்று அவற்றில் நிறைய இல்லை. 2024இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், நான் மேலே சொன்ன கர்லூ உள்ளானும் கிரே உப்புக்கொத்தியும் அழிவாய்ப்புள்ள இனங்களாக ஏற்றப்பட்டன. இரண்டும் நம் உப்பளத்தில் சாதாரணமாக நிற்கும் பறவைகள். அலகு நுனி கரண்டிபோல் இருக்கும் உள்ளான் முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். வலையில் விழுகிற பறவை இதில் எது என்று வலைக்குத் தெரியாது.

வலை வைப்பவர்களை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், வாங்கினவர்கள் நாம். தாத்தா பறவை பிடிக்கிற இடம், அவர் ஒவ்வொன்றுக்கும் சொன்ன பெயர், எந்தப் பட்டத்தில் எது வரும் என்று சொன்னது, இதெல்லாம் உங்களுக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். எங்கள் புத்தகங்களில் இல்லாதது அதில் இருக்கும்.

"ஜனவரி கணக்கெடுப்பில் முதல் முறை கலந்துகொண்டேன். தெரியாத பறவைகளுக்கும் ஏதாவது ஒரு பெயர் போட்டு எண்ணிக்கையை நிரப்பச் சொன்னார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?"
தன்னார்வலர், கடலூர்

கூடாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். "உள்ளான், இனம் தெரியவில்லை, 140" என்பது முழுமையான, மதிப்புள்ள பதிவு. தவறான பெயரோடு எழுதிய 140, பல வருஷம் கழித்து யாரோ ஒருவரை ஏமாற்றும்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கூட்டம் பறக்கும்போது எண்ணாதீர்கள், இறங்கட்டும். வீட்டில் ஒரு தட்டில் உளுந்தைக் கொட்டி, முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பழகலாம். நான் இப்போதும் டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் அப்படிச் செய்துவிட்டுத்தான் கணக்கெடுப்புக்குப் போகிறேன். எனக்கு எப்போதும் மதிப்பீடு குறைவாகத்தான் வருகிறது, நூறு இருந்தால் எண்பது என்று. உங்களுக்கு எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.